மூன்று ஜாப் கார்டுகள்: ஒரு விமர்சனம்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவல் இல்லை, சினிமா இல்லை. மூன்று தாள்கள். மஞ்சள் நிறக் கார்பன் காப்பி. தென்சென்னையில் உள்ள ஒரு கார் ஒர்க்ஷாப், 2024-ம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில் எனக்குக் கொடுத்த ஜாப் கார்டுகள். ஆசிரியர் பெயர் இல்லை. கையெழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. மூன்றுக்கும் சேர்த்து விலை 19,010 ரூபாய். பக்கத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். தமிழில் எழுதி இவ்வளவு வாங்கியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

விமர்சகன் முதலில் பிரதியைக் காட்டவேண்டும். இதோ, ஒரு வரி விடாமல்:

முதல் தாள், ஜூன் 20. குறை: ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம். கண்டது: செக்டு. செய்தது: ஸ்பார்க் ப்ளக் 4, ஏர் ஃபில்டர் 1. ரூ.2,860.

இரண்டாம் தாள், ஜூலை 4. குறை: ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம் ரிப்பீட். கண்டது: செக்டு. செய்தது: ஃப்யூவல் பம்ப் மாற்றம், இன்ஜெக்டர் க்ளீனிங். ரூ.9,750.

மூன்றாம் தாள், ஜூலை 25. குறை: ஸேம். கண்டது: ஸ்கேன் செய்தது, நோ ஃபால்ட். செய்தது: ஆக்ஸிஜன் சென்சார் மாற்றம். ரூ.6,400.

கடைசித் தாளை இன்னொரு தடவை படியுங்கள். கோளாறு எதுவும் இல்லை என்று கண்டுபிடித்து, ஆகவே ஒரு சென்சாரை மாற்றியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பிழை முதல் வரியிலேயே இருக்கிறது. என் வண்டிக்கு ஸ்டார்ட்டிங் ப்ராப்ளமே கிடையாது. சாவியைத் திருப்பினால் முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகும். அதற்கப்புறம்தான் கூத்து. உடம்பெல்லாம் உதறும். ஆர்.பி.எம். முள் ஆயிரத்திலிருந்து எழுநூறு, ஐந்நூறு என்று இறங்கும். ஒரு விக்கல். நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் உடனே கிளம்பும், மறுபடி விக்கும். ‘படுத்தால் உடனே தூங்கிவிடுகிறேன் டாக்டர், ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது’ என்று சொல்கிறவரை, ‘தூக்கம் வரவில்லை’ என்று எழுதி அனுப்பினால் எப்படி? கொடுக்கிற மாத்திரையும் அப்படித்தான் இருக்கும்.

நான் கவுன்ட்டரில் சொன்னது இதுதான்: “காலைல எடுத்தவுடனே உதறுது, அப்புறம் திக்கித் திக்கி நின்னுடுது.” அந்த இளைஞர் தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தார். அதில் ‘திக்கித் திக்கி’ என்று ஒரு கட்டம் இல்லை. ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம், லோ பிக்கப், அப்நார்மல் நாய்ஸ், மைலேஜ் ட்ராப், மற்றவை. தேர்வெழுதுகிற மாணவன் மாதிரி, பக்கத்தில் இருந்ததை டிக் அடித்துவிட்டார்.

எனக்கு வருத்தம் அந்த இளைஞர்மீது இல்லை. ஒரு மொழி வீணாகிறதே என்றுதான். தமிழில் இரட்டைக்கிளவி என்று ஒன்று உண்டு. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியத்திலேயே இலக்கணம் இருக்கிறது. கடகட, டொக்டொக், கிறீச்கிறீச், புசுபுசு, கிணுகிணு, தடதட. ஒவ்வொன்றும் காரில் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். ‘கிறீச்’ என்றால் பெல்ட் அல்லது பிரேக். ‘டொக்டொக்’ என்று பள்ளத்தில் மட்டும் கேட்டால் சஸ்பென்ஷன். ‘புசுபுசு’ என்றால் எங்கோ காற்று கசிகிறது. இத்தனையையும் ‘அப்நார்மல் நாய்ஸ்’ என்று ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டோம்.

அமெரிக்காவில் ‘கார் டாக்’ என்று ஒரு ரேடியோ நிகழ்ச்சி இருந்தது. எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜில் ஒர்க்ஷாப் வைத்த டாம், ரே என்ற மக்லியோஸி சகோதரர்கள் நடத்தியது. 1987-லிருந்து நாடு முழுக்க ஒலிபரப்பாகி, 2012-ல் புது நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டார்கள். போன் பண்ணுகிறவரிடம், ‘வண்டி எப்படிச் சத்தம் போடுது, வாயால போட்டுக் காட்டுங்க’ என்பார்கள். மரியாதைப்பட்ட மனிதர்கள் நேயர்கள் முன்னால் கரகரவென்று கத்திக் காட்டுவார்கள். சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர்கள் கேட்கிற கேள்விகள் சிரிப்பில்லை: எப்போது? எவ்வளவு நேரம் கழித்து? மழையிலா, வெயிலிலா? அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்?

இந்த ‘எப்போது’தான் என் மூன்று தாள்களிலும் இல்லாத சொல்.

* * *

வேறு வண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். ஆஸ்பத்திரி அடையாறில், வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். ஆட்டோவில் ஏறி இறங்குவது அவருக்குக் கஷ்டம். கால் டாக்சிக்காரர் அந்த நேரத்தில் வருவதும் வராததும் அவருடைய முதல் நாள் தூக்கத்தைப் பொறுத்தது.

ஜூலை 5, வெள்ளிக்கிழமை. இரண்டாம் தாளுக்கு மறுநாள். புது பம்ப், சுத்தமான இன்ஜெக்டர். துர்காபாய் தேஷ்முக் சாலையில் ஏறி, திரு.வி.க. பாலத்தில் முன்னால் போன பால் வண்டிக்காகக் காலை எடுத்தேன். வண்டி நின்றுவிட்டது. ஓடுகிற வேகத்தில் பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது மிதி கல் மாதிரி இருந்தது. ஸ்டியரிங் மரமாகிவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை எடுக்காமல் அடித்துக்கொண்டு வலதுபுறம் உரசிக்கொண்டு போனது.

இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. பிரேக்குக்கு உதவுகிற சக்தி என்ஜின் இழுக்கிற வெற்றிடத்திலிருந்து வருகிறது. என்ஜின் நின்றால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் சேமிப்பு இருக்கும். ஆகவே ஓடும்போது வண்டி நின்றால் பிரேக்கை ‘பம்ப்’ பண்ணாதீர்கள். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். பதற்றத்தில் சாவியைக் கடைசிவரை திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ‘ஐடிலிங் கொஞ்சம் ரஃப், ஓட்டிக்கலாம் சார்’ என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது மிதியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்பா பின்சீட்டில் அமைதியாக இருந்தார். “டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொல்லியிருப்பானே” என்றார். ஏழு வருஷ அனுபவம்.

* * *

ஐடிலிங் என்பது என்ஜினின் மிக ஏழ்மையான நேரம். நீங்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், காற்று போகிற குழாயில் உள்ள வட்டத் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. மயிரிழை இடைவெளியில்தான் என்ஜின் மூச்சு விடுகிறது. நான்கு சிலிண்டர் வண்டி நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால் 1,600 தடவை தீப்பொறி வேலை செய்யவேண்டும். விநாடிக்கு 26, 27. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஓடும்போது நான்கில் ஒன்று தப்பினால்கூட வேகம் சமாளித்துவிடும். ஐடிலிங்கில் சமாளிக்கக் கையிருப்பே இல்லை. சம்பளம் வருவதற்கு முந்தின நாள் மாதிரி. அப்போது வருகிற சின்னச் செலவும் பெரிதாகத் தெரியும்.

அதிலும் காலையில் எடுக்கிற நேரம் இன்னும் மோசம். எண்ணெய் கெட்டியாக இருக்கும், பெட்ரோல் சரியாக ஆவியாகாது. உடனே கேட்பீர்கள்: சென்னையில் ஏது குளிர்? மார்கழியில் 21 டிகிரிக்கு மயிலாப்பூரே மஃப்ளர் கட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போகும். என்ஜினும் மயிலாப்பூர்க்காரர் மாதிரிதான். அதற்குச் சுகமான சூடு 90 டிகிரி. அதற்குக் கீழே எல்லாமே குளிர்தான்.

ஆகவே கோளாறு எதிலும் இருக்கலாம். காற்றில், பெட்ரோலில், பொறியில், அல்லது இவை மூன்றுக்கும் கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டரில். பிரித்துக் காட்டுவது நேரம்தான். ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு விநாடியில், ஒவ்வொரு தடவையும் அச்சடித்த மாதிரி நின்றால், டேஷ்போர்டில் சாவி விளக்கும் மினுக்கினால், என்ஜினை விட்டுவிட்டு முதலில் சாவியைச் சந்தேகிக்கவேண்டும். திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் உங்களையே திருடன் என்று நினைத்துவிட்டது. நன்றாக ஓடிச் சூடான பிறகு நின்று, அரைமணி ஆறவிட்டால் கிளம்பினால், சூட்டில் மயங்குகிற ஏதோ ஒரு சென்சார் இருக்கலாம். மழையிலோ வாட்டர் வாஷ் பண்ணிய மறுநாளோ மட்டும் என்றால் காயிலிலும் ப்ளக் குழியிலும் ஈரம். பெட்ரோல் போட்ட அன்றைக்கே ஆரம்பித்தது என்றால் பெட்ரோல். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தால் பிழைத்துக்கொள்கிறது என்றால் பெரும்பாலும் காற்று வருகிற வழியில் சிக்கல். மிதித்தால்தான் செத்துப்போகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை.

பெட்ரோல் என்றதும் இப்போது எல்லோரும் எத்தனாலைத் திட்டுகிறார்கள். 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவியது. அதில் உண்மையும் உண்டு. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பழைய வண்டிகளின் சில ரப்பர் பாகங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. லிட்டருக்கு லிட்டர் சக்தியும் ஆறேழு சதவிகிதம் குறைவு. ஆனால் குற்றவாளி தயாராக இருக்கும்போது விசாரணை நின்றுவிடுகிறது. தி.நகரில் ஒரு நண்பர் பாதி டேங்க் பெட்ரோலை இறைத்துக் கொட்டினார். பழுது அப்படியே இருந்தது. எலி கடித்த வயர். பெட்ரோல் போட்ட நாளில் ஆரம்பித்ததா என்று தன்னையே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டேங்க் மிஞ்சியிருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊர் கற்ற பாடமும் இதுதான். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்கு என்ஜின் போனது. தொடாமல் இழுத்துக்கொண்டு போனவர்களுக்கு செலவு குறைந்தது. என்ன ஆயிற்று என்று தெரிவதற்கு முன்னால் கையை வைத்தால் நஷ்டம். மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிற வழக்கமும் அப்படி வந்ததுதான்.

* * *

ஒர்க்ஷாப்காரர்களின் கட்சிக்கும் வருவோம். ‘கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தாச்சு சார், எரர் வரலை’ என்றார்கள். பொய் இல்லை. அமெரிக்காவில் 1996 மாடல் வண்டிகளிலிருந்து எல்லா கார்களிலும் ஒரே மாதிரியான பழுதுக் குறியீட்டு முறை கட்டாயம். சென்னையில் 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபிறகு நம் வண்டிகளுக்குள்ளும் இப்படி ஒரு கண்காணிப்பாளர் குடியேறினார். உதாரணமாக பி-0171 என்று வந்தால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைச் சொல்வது ஆக்ஸிஜன் சென்சார். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். தந்தி கொண்டுவந்தவனை வேலையை விட்டு நீக்குகிற மாதிரி. தந்தியில் இருந்த சாவுச் செய்தி அப்படியே இருக்கும்.

குறியீடு ஒரு புகார். தீர்ப்பு இல்லை. புகாரே இல்லாவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்றும் அர்த்தமில்லை.

இந்த வகை எழுத்தில் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. 2000-களில் ஈமெயில் வைத்திருந்த எல்லோருக்கும் வந்த ஒரு கதை: ஒருவர் வெனிலா ஐஸ்க்ரீம் வாங்கினால் மட்டும் கார் ஸ்டார்ட் ஆகாது, மற்ற ஃப்ளேவர் வாங்கினால் ஸ்டார்ட் ஆகும். கம்பெனிக்குப் புகார் எழுதினார். எஞ்சினியர் ஒருவர் வந்து சில இரவுகள் கூடவே போய், நேரத்தைக் குறித்துக்கொண்டார். வெனிலா கடை வாசலிலேயே இருந்ததால் சீக்கிரம் திரும்பிவிடுகிறார். அதற்குள் என்ஜின் ஆறவில்லை. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கிறது. இது நிஜமாக நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. டேங்குக்குள்ளேயே பம்ப் இருந்து அழுத்தத்தில் பெட்ரோல் அனுப்புகிற இன்றைய வண்டிகளில் இந்த ஆவி அடைப்பு அபூர்வம். ஆனாலும் கதை வாழ்கிறது. ‘வாடிக்கையாளர் சொல்வதை நம்புங்கள்’ என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதற்கு நீதி சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வாடிக்கையாளர் சொன்ன காரணம் தப்பு. அவர் சொன்ன நேரம் சரி. எஞ்சினியர் முதலாவதை விட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று ராபர்ட் பிர்ஸிக் எழுதிய ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்’. 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பி, 1974-ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். மகனோடு மோட்டார்சைக்கிளில் போகிற தகப்பன் சொல்கிற கதை. அதில் ஒரு ஒர்க்ஷாப் வருகிறது. ரேடியோ அலற, இளைஞர்கள் சிரித்துக்கொண்டே இவர் வண்டியைப் பிரித்துப் பாழ்பண்ணுகிறார்கள். கடைசியில் காரணம், எண்ணெய் போகிற வழியில் ஒடிந்துபோன ஒரு 25 சென்ட் பின். அக்கறை இல்லாமை, பார்வையாளர் மாதிரி வேலை செய்வது, இதுதான் நோய் என்கிறார் பிர்ஸிக்.

முப்பது வருஷமாக நானும் அதைத் தலையாட்டிப் படித்தவன்தான். இந்த மூன்று தாள்களுக்குப் பிறகு அவரோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் பாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

* * *

லஸ் பக்கம் ஒரு சந்து. இரண்டு கார் நிற்கிற இடம். பாய்க்கு அறுபது வயதிருக்கும். அம்பாசிடர், பத்மினி காலத்து ஆள். ‘படிக்காதவன்’ படத்தில் ரஜினியின் டாக்சி, லட்சுமி என்று பெயர் வைத்ததற்கேற்ப அடம்பிடிக்குமே, அந்தத் தலைமுறை வண்டிகள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள். இப்படி ஆரம்பித்தால், ‘அந்தக் காலத்துக் காது மாதிரி வருமா’ என்று முடிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. அந்தக் காலத்திலும் எதற்கெடுத்தாலும் ‘பாயின்ட், ப்ளக், கார்பரேட்டர் க்ளீன்’ என்று மந்திரம் ஓதியவர்கள் நிறைய. பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டார்.

“காலைல மட்டுமா, சாயங்காலமுமா சார்?”

“ரெண்டு வேளையும். ஆறின வண்டின்னா.”

“ஏசி போட்டா?”

“சீக்கிரம் நிக்குது.”

“கால வெச்சுகினு இருந்தா?”

“ஓடுது.”

“அஞ்சு நிமிசம் கயிச்சு?”

“பரவால்ல.”

“எப்ப ஆரம்பிச்சுது? நாள் சொல்லுங்க.”

நான் ‘ஒரு ஒன்றரை மாசம் இருக்கும்’ என்றேன். பின்சீட்டிலிருந்து அப்பா, “ஜூன் பன்னண்டு, புதன்கிழமை” என்றார்.

டயாலிசிஸ்காரர்களுக்கு ஒரு டைரி உண்டு. போகும்போது எடை, வரும்போது எடை, ரத்த அழுத்தம். மாநில அரசு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அதே வரியில் வண்டியையும் எழுதி வைத்திருந்தார். நான் கவனித்ததில்லை. பாய் வாங்கிப் படித்தார். ஜூன் 12: கார் 2 முறை நின்றது. 14: 2 முறை. 17: 1 முறை. 19: 1 முறை. 21: 3 முறை. அப்புறம் குறைந்துகொண்டே வந்து, ஜூலை 3: நிற்கவில்லை. ஜூலை 5: 3 முறை, பாலத்தில். மறுபடி குறைந்து, 26-ம் தேதி: 2 முறை.

“பதினொண்ணாந் தேதி என்னா பண்ணீங்க?”

நான் யோசித்தேன். பேட்டரி மாற்றினேன்.

பாய் டைரியை அப்பாவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “ஒர்க்ஷாப் போயிட்டு வந்த மறுநாள்லாம் ஜாஸ்தி ஆயிருக்கு, பாத்தீங்களா. ஒவ்வொரு வாட்டியும் பேட்டரி வயரக் கயட்டி மாட்டிருக்காங்க.”

விஷயம் இதுதான். நான் சொன்ன அந்த வட்டத் தகட்டின் விளிம்பில், என்ஜினிலிருந்து திரும்பி வருகிற எண்ணெய்ப் புகை கரியாகப் படியும். தினம் மந்தைவெளியிலிருந்து தி.நகர், சிக்னலில் ஏசியோடு பத்து பத்து நிமிஷம் என்று ஓடுகிற வண்டிக்கு அது சகஜம். மயிரிழை இடைவெளியில் கரி அடைந்தால் மூச்சு திணறும். ஆனால் கம்ப்யூட்டர் புத்திசாலி. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டைக் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகி, எனக்குத் தெரியாமலே சமாளித்துவந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றியதும் அந்தப் பழக்கம் மறந்துபோனது. புது வண்டி என்று நினைத்துக்கொண்டு பழைய அளவுக்கே திறந்தது. நின்றது. நாலைந்து தடவை ஓட்டினதும் மெல்லக் கற்றுக்கொண்டது. அதற்குள் நான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வயரைக் கழற்றினார்கள். வேலைக்கு முன்னால் அப்படிக் கழற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு வைத்தியமும் நோயைப் புதுப்பித்தது. ஒவ்வொரு பாகமும் வெற்றிகரமாக மாற்றப்பட்டது. எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை.

பாயின் பேரன் பத்தாயிரம் ரூபாய் போனில், கட்டைவிரல் அளவு ஒரு ப்ளூடூத் கருவியை வண்டியில் செருகி நம்பர்களைக் காட்டினான். பாய் பழுதுக் குறியீட்டைப் பார்க்கவில்லை. தண்ணீர் எத்தனை டிகிரி, தகடு எத்தனை சதவிகிதம் திறந்திருக்கிறது என்று ஓடும்போதே பார்த்தார். வெப்ப சென்சார் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொண்டபிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். த்ராட்டில் பாடியைக் கழற்றி, ஸ்ப்ரே அடித்து, பழைய பனியன் துணியால் துடைத்தார். துணி கறுத்துப்போனது. மாட்டி, காலை வைக்காமல் பதினைந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டார். கொஞ்ச நேரம் ஏசியோடு. முள் எழுநூற்று ஐம்பதில் அசையாமல் நின்றது.

“அறுநூறு குடுங்க சார்.”

இப்போது நான் செய்ததை எழுதவேண்டும். எழுதாவிட்டால் இந்த விமர்சனம் நேர்மையாக இருக்காது. “துடைச்சதுக்கு அறுநூறா பாய்?” என்று கேட்டேன்.

பத்தொன்பதாயிரத்தைக் கார்டில் தேய்த்துவிட்டு வந்தவன். ஃப்யூவல் பம்ப்புக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. பெட்டியில் வந்தது, ஹாலோகிராம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு விலை கேட்க மாட்டோம். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ அதே பாகம் என்ன விலை என்று விசாரித்துப் பேரம் பேசுவோமே தவிர, அது வேண்டுமா என்று கேட்க மாட்டோம். ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவர் கேட்ட ஆறு கேள்விக்கு விலை வைத்தால் கோபம் வருகிறது.

பிர்ஸிக்கோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான். அந்தக் கவுன்ட்டர் இளைஞனுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. என் மூன்று தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாகத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. மாட்டின கூலிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வரிக்கு ஒன்று. யோசித்ததற்கு ஒரு கட்டம் இல்லை. அரைமணி உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடிக்கிறவனால் ஒர்க்ஷாப்புக்கு வரவு இல்லை. யோசிக்காமல் பம்ப்பை மாற்றுகிறவனால் 9,750 ரூபாய். அப்புறம் அவன் எதைச் செய்வான்? அந்தத் தாளை நாம் எல்லோரும் சேர்ந்துதான் எழுதியிருக்கிறோம். ஐநூறு ரூபாய் கன்சல்டிங் ஃபீஸ் வாங்கிக்கொண்டு மருந்து எழுதாமல் அனுப்புகிற டாக்டரை, ‘ஒண்ணுமே பண்ணலை’ என்று திட்டுகிற நாம்தான்.

பாய் கோபப்படவில்லை. “தொடச்சதுக்கு நூறு சார். மிச்சம் எங்க தொடைக்கணும்னு பாத்ததுக்கு” என்றார். இது பல மொழிகளில் பலவிதமாகச் சொல்லப்படுகிற பழைய ஜோக்தான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்தேன்.

* * *

ஆகவே விமர்சனத்தின் முடிவு: மூன்று தாள்களும் தள்ளுபடி. அச்சு நன்றாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி மக்கர் பண்ணினால் ஒர்க்ஷாப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு தாள் எழுதுங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதற்கு முந்தின நாள் என்ன செய்தோம், ஆறின வண்டியா சூடான வண்டியா, எத்தனை நிமிஷத்தில், ஏசி போட்டால் என்ன, கால் வைத்தால் என்ன, எந்த விளக்கு எரிகிறது. செக் என்ஜின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், ஓட்டுவதை நிறுத்துங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று மூடின கராஜுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். சத்தத்தை இரட்டைக்கிளவியிலேயே எழுதுங்கள், கவுன்ட்டரில் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தத் தாளை ஜாப் கார்டோடு பின் அடிக்கச் சொல்லுங்கள். ‘காரணம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு தருகிறேன். நான் சொல்லாமல் எதையும் மாற்றாதீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் முழிப்பார்கள். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் ஒருநாள் அந்தக் கட்டம் பில்லில் வரும்.

நாலாவதாக ஒரு பிரதியும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, ரப்பர் பேண்ட். ஜூலை 29, திங்கள். எடை 63.8. பி.பி. 140/80. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் குமாஸ்தா கையெழுத்தில்: கார் நிற்கவில்லை.

அதற்குக் கீழே, சின்னதாக: ரூ.600. நியாயம்.